மார்ச்சில் இருந்த குறைபாடு நவம்பரில் எங்கே போயிற்று? துணைவேந்தர்களுக்கும் தேர்வாணையர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், தேர்வாணையர்களுக்கும், மாணவர் விண்ணப்பங்களில் கையெழுத்திடும் கல்லூரி முதல்வர்களுக்கும்,

ஒவ்வொரு பருவத் தேர்வுக்கு முன்னாலும் ஒரே வகையான விண்ணப்பம் உங்கள் அலுவலகங்களுக்கு வருகிறது. ஒரே வகையான பதிலோடு திரும்பிப் போகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ வரும் தடை) உள்ள மாணவர் கூடுதல் நேரம் கேட்கிறார், அல்லது சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்கிறார். "சான்றிதழில் குறைபாடு 40 விழுக்காடு இல்லை", "பள்ளிக் காலத்துச் சான்றிதழ் செல்லாது", "கடைசித் தேதி முடிந்துவிட்டது" என்று மூன்றில் ஒன்றை எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். இதே மாணவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. சொல்வதை எழுதுபவர் கிடைத்தார். மொழிப்பாட விலக்கும் கிடைத்தது. மார்ச்சில் இருந்த குறைபாடு நவம்பரில் எங்கே போயிற்று?

இதை எழுதும் நாங்கள் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்கள், சிறப்பாசிரியர்கள், மாணவர் ஆலோசகர்கள். எங்கள் குறை ஒன்றுதான். எத்தனை பேர் தேறவில்லை என்பது உங்கள் கணினிக்குத் தெரிகிறது. ஏன் தேறவில்லை என்று எவரும் கேட்பதில்லை. அரியர் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் நான்கு பேருக்கு நான்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒருவருக்குச் செய்யும் உதவி அடுத்தவருக்குப் பயன்படாது, சில நேரம் கெடுதலாகவும் முடியும்.

முதலில் குறைபாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். எழுத்தைப் பார்த்ததும் ஒலி தோன்றுவது, கேட்டதை எழுத்தாக்குவது, எண்களை வரிசை மாறாமல் மனத்தில் வைத்திருப்பது ஆகியவை பெரும்பாலோருக்குத் தானாக நடக்கின்றன. சிலருக்கு ஒவ்வொரு முறையும் முயன்று செய்ய வேண்டிய வேலையாகவே கடைசிவரை இருக்கும். வாசிப்பில் அது டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வயது ஏறினால் போய்விடுவதும் இல்லை. பயிற்சியால் பிழை குறையும், வேகம் அந்த அளவுக்கு ஏறாது. எனவே பதினெட்டு வயதில் இந்த மாணவர் சரியாக வாசிப்பார், மெதுவாக வாசிப்பார். வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்ன ஆசிரியர் "நன்றாகத்தானே வாசிக்கிறான்" என்று முடிவு செய்துவிடுகிறார். அந்தப் பத்தியை முடிக்க அவருக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று, முடித்தபோது முதல் வரி நினைவில் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களிடம் இது பள்ளியில் கண்ணில் படாமலே போவதற்குத் தமிழ் எழுத்துமுறையும் ஒரு காரணம். எழுத்துகள் 247 என்றாலும் 12 உயிரையும் 18 மெய்யையும் குறிகளையும் பிடித்துக்கொண்டால் எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். வல்லின எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறினாலும் அந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் தமிழில் தட்டுத் தடுமாறிக் கரையேறிவிடும். பிழைகள் இருக்கத்தான் செய்யும். 'கொ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வருவதால் 'கெ', 'கா', 'கொ' மூன்றும் குழம்பும். புள்ளி விடுபடும். நீண்ட சொல்லின் நடுவே ஓர் எழுத்து காணாமல் போகும். ஆனால் ல-ள-ழ குழப்பமும் ந-ன-ண குழப்பமும் வகுப்பில் பலருக்கும் இருப்பதால், இவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதே மாணவர் கல்லூரிக்கு வந்து ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறார். த்ரூ, தோ, டஃப் என்று மூன்று விதமாக ஒலிக்கும் மூன்று சொற்கள் அதில் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் அவரைத் தாங்கிய எழுத்துக்கூட்டும் உத்தி அங்கே கைவிட்டுவிடுகிறது. "பள்ளியில் இவ்வளவு மதிப்பெண் எடுத்தவனுக்குக் கல்லூரியில் திடீரென்று எப்படிக் குறைபாடு வரும்?" என்று உங்கள் அலுவலகங்களில் கேட்கிறார்கள். திடீரென்று வரவில்லை, மறைத்துவைத்திருந்த திரை விலகியிருக்கிறது.

பாடத்துக்குள் இது எப்படித் தெரியும் என்பதைத் தேர்வாளர்கள் அறிந்திருக்க வேண்டும். பொறியியல் முதல் பருவத்தில் மூன்று சமன்பாடுகளை அணி முறையில் தீர்க்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 12 எண்களைத் திரும்ப எழுத வேண்டும். மூன்று முறை எழுதினால் 36 எண்கள். டிஸ்கால்குலியாவோ டிஸ்கிராஃபியாவோ உள்ளவர் முறையை முழுதாக அறிந்திருப்பார், இரண்டாவது படியில் 37 என்பது 73 ஆகியிருக்கும், அல்லது ஒரு கழித்தல் குறி விழுந்திருக்கும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் தவறு. இயற்பியலில் ரோ என்ற கிரேக்க எழுத்தும் ஆங்கிலப் பி-யும், நியூவும் வி-யும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். பைதான் பாடத்தில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறோம். ஆய்வகத்தில் நிரல் ஓடும், ஏனென்றால் மாறியின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் திரை உடனே பிழை காட்டும், அவர் திருத்திக்கொள்வார். அதே நிரலைத் தேர்வில் தாளில் எழுதச் சொன்னால் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும், உள்தள்ளல் கலைந்திருக்கும். செய்முறையில் உயர்ந்த மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வில் தோல்வியும் ஒரே பாடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால், அந்த மாணவரை அழைத்துப் பேசுவதற்கு அதுவே போதிய காரணம். இந்த இரண்டு மதிப்பெண்களும் உங்கள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

இனி மற்ற காரணங்கள். தேறாத எல்லோருக்கும் குறைபாடு என்று நாங்கள் சொல்லவில்லை. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்த மாணவருக்கு வகைக்கெழு தெரியும், தொகையீடு தெரியும், அணிக்கோவை தெரியும், முடுக்கம், உந்தம், நிலைமம், மின்தேக்கி எல்லாம் தெரியும். ஜூலையில் ஒரே வாரத்தில் அவை டெரிவேட்டிவ், இன்டக்ரல், டிட்டர்மினன்ட், ஆக்சலரேஷன், மொமென்டம், இனர்ஷியா, கெபாசிட்டர் என்று பெயர் மாறிவிடுகின்றன. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. தெரிந்ததையே தெரியாதது என்று நம்பத் தொடங்குகிறார். வினாத்தாளில் 'எலூசிடேட்' (விளக்குக) என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் பதின்மூன்று மதிப்பெண் வினாவைத் தாண்டிப் போகிறார். 'டெரைவ்' என்றால் படிப்படியாக வருவிக்க வேண்டும், 'ஸ்டேட்' என்றால் கூறினால் போதும், 'எனுமரேட்' என்றால் பட்டியலிட வேண்டும். இந்தப் பத்துப் பதினைந்து ஏவல் சொற்களைச் சொல்லித்தருவதைப் பாட ஆசிரியர் எவரும் தம் வேலையாக நினைப்பதில்லை. இது மொழித் தடை. இதற்குச் சான்றிதழ் வேண்டாம், சொற்பட்டியலும் இரு மொழி வினாத்தாளும் வேண்டும்.

அடுத்தது அடித்தளம். முதல் பருவக் கணிதம் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது. அணிக்கோவைகள், எல்லைகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் அந்த வகுப்பில்தான் தொடங்குகின்றன. பதினோராம் வகுப்பைத் தாண்டிக் குதித்து இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தும் வழக்கம் இருந்ததால்தான் 2017-18இல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கியது சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்தத் தேர்வு எழுதாத முதல் தொகுதி 2027இல் உங்கள் கல்லூரிகளுக்கு வரும் என்பது மட்டும் உறுதி. பழைய வழக்கம் சில பள்ளிகளிலாவது திரும்பினால் அதன் விலையை முதல் பருவத்தில் மாணவர்தான் கொடுப்பார். தயாராவதற்கு இப்போதே நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் சேர்பவர் பல வாரப் பாடங்களை இழந்துதான் உள்ளே வருகிறார். கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவருக்கு அதிகாலையில் நாள் தொடங்குகிறது. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர் மறுநாள் முதல் மணி நேரம் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கண்ணாடி தேவை என்பது தெரியாமலே கடைசி வரிசையில் இருப்பவர்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருந்தது. கவனம் நிற்கவில்லை, படித்தது தங்கவில்லை என்று ஒரு மாணவி சொன்னால் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை எத்தனை கல்லூரிகள் அறிந்திருக்கின்றன? மனச்சோர்வும் கவனக்குறைவுக் கோளாறும் இதே வேடத்தில்தான் வரும்.

இத்தனை காரணங்களையும் நீங்கள் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறீர்கள்: ஸ்லோ லேர்னர், அதாவது மெதுவாகக் கற்பவர். நாக் என்ற தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பீட்டுக்காக எல்லாக் கல்லூரியிலும் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையோ முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வையோ வைத்து ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு. அங்கே நடப்பது காலையில் நடந்த அதே பாடம், அதே சிலைடுகள், அதே வேகம். கையெழுத்து வாங்கியதும் ஜியோ டேக் புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கிறார்கள். மொழித் தடை உள்ளவருக்கு அதே ஆங்கிலம் இரண்டாவது தடவை. அடித்தளம் இல்லாதவருக்கு இல்லாத படியின் மேல் இன்னொரு படி. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு, எட்டு மணி நேரம் எழுத்தோடு போராடிக் களைத்த பிறகு இன்னொரு மணி நேரப் போராட்டம். இரண்டு பேருந்து மாறுபவருக்குக் கடைசிப் பேருந்தும் போய்விடும். கெடுதல் என்று மேலே சொன்னது இதைத்தான்.

காரணத்தைப் பிரித்தறிவது கடினமான வேலை இல்லை. ஒரு மாணவருக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆகும், பயிற்சி பெற்ற ஆசிரியரே செய்யலாம். அவர் இதுவரை பார்த்திராத, எட்டாம் வகுப்புத் தரத்திலான தமிழ்ப் பத்தி ஒன்றும் ஆங்கிலப் பத்தி ஒன்றும் வேண்டும், ஒவ்வொன்றும் 200 சொல். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் செய்து, சரியாக வாசித்த சொற்களை எண்ணிக்கொள்ள வேண்டும். அதே தரத்தில் இன்னொரு தமிழ்ப் பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்டி ஐந்து கேள்விகளை வாயால் கேட்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் பார்த்து எழுதுதல், இருபது சொல்லுக்குச் சொல்வதெழுதுதல், பின்னம், விழுக்காடு, மிகை-குறை எண்கள், ஒரு மாறிச் சமன்பாடு ஆகியவற்றில் இருபது கணக்குகள்.

கேட்டபோது நன்றாகப் புரிகிறது, ஆனால் தமிழிலேயே வாசிப்பு திணறுகிறது, பார்த்து எழுதும்போதும் எழுத்து விடுபடுகிறது என்றால் கற்றல் குறைபாட்டைச் சந்தேகித்து முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். தமிழ் சரளம், ஆங்கிலம் மட்டும் திணறல் என்றால் பெரும்பாலும் மொழித் தடை. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தமிழை எப்படியோ சமாளித்துவிட்ட லேசான டிஸ்லெக்சியா ஆங்கிலத்தில் மட்டும் வெளிப்படலாம். அதனால் ஆறு வார ஆங்கிலப் பயிற்சிக்குப் பிறகும் வாசிப்பு நகரவில்லை என்றால் அவரையும் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மொழியும் சரளம், பின்னக் கூட்டல் தவறு என்றால் அடித்தளத்தில் பிரச்சினை. எல்லாமே சரியாக இருந்தும் தேர்வில் தோற்கிறார் என்றால் உறக்கம், உணவு, பயணம், பணம், மனநிலை ஆகியவற்றைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும்.

இதைக் கெடுப்பவை மூன்று. சோதனையை ஆங்கிலத்தில் மட்டும் வைப்பது. அறுபது பேரை ஒரே அறையில் உட்காரவைத்து எழுத்துத் தேர்வாக்கிவிடுவது. "ஸ்லோ லேர்னர் டெஸ்ட்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. மூன்றாவதைச் செய்தால் தேவைப்படுகிறவரே வரமாட்டார்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறோம். எங்களுக்கு அதிக வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இங்கே சட்டம் மாணவர் பக்கம் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 17ஆம் பிரிவு, தேர்வு முறையில் உரிய மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று சொல்லி, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 40 விழுக்காடு என்ற அளவுகோல் இடஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கு உரியது. 2021 பிப்ரவரியில், குடிமைப் பணித் தேர்வு எழுதிய ஒருவர் தொடர்ந்த வழக்கில், சொல்வதை எழுதுபவர் வசதியை 40 விழுக்காட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்ட் 10இல் ஒன்றிய அரசு, 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுவோருக்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2021 நவம்பரில், டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரத்தை மறுத்தது தவறு என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் பிறகு "40 விழுக்காடு இல்லை" என்று கோப்பில் எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அந்த 40ஐயே கொஞ்சம் பாருங்கள். கற்றல் குறைபாட்டின் கடுமையை அளக்க இப்போதைக்கு அளவுகோல் எதுவும் இல்லை, 40 விழுக்காடு என்ற எல்லை ஒரு தோராயத் தீர்மானமே என்று மருத்துவப் படிப்புச் சேர்க்கை விதிகளின் இணைப்பிலேயே அடிக்குறிப்பாக அச்சிடப்பட்டிருந்தது. இந்தக் குறைபாட்டைக் கண்டறியப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு 5 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பத்தொன்பது வயதில் முதல் முறையாக மருத்துவக் குழு முன் வந்து நிற்பவரை அதைக் கொண்டு அளந்தால், ஏழாம் வகுப்புத் தரத்தை அவர் எட்டிவிட்டார் என்றுதான் முடிவு வரும். குறைபாடு இல்லை என்று சான்றிதழும் வரும். வேகத்தை அளக்காமல் சரியையும் தவறையும் மட்டும் எண்ணும் எந்தச் சோதனையும் பெரியவர்களிடம் இந்தக் குறைபாட்டைத் தவறவிடும்.

பள்ளிச் சான்றிதழை மறுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றிய அரசின் 2018 மதிப்பீட்டு வழிகாட்டுதல், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்றும், 18இல் தரும் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என்றும் சொன்னது. நம் மாணவர்களில் பெரும்பாலோர் 18ஐத் தொடுவது பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியிலோ கல்லூரி முதல் ஆண்டிலோதான். அதாவது பழைய சான்றிதழ் காலாவதியாவதும் முதல் பருவத் தேர்வு வருவதும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் ஒரே நாளில் கிடைத்து, மதிப்பீடு முடிந்து, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வருவதற்குள் ஒரு பருவமோ இரண்டு பருவமோ போய்விடுகிறது. அந்த இடைவெளியில் விழுந்த அரியர்களைப் பிறகு யாரும் அழித்துத் தருவதில்லை.

கூடுதல் நேரம் ஒரு சலுகை, மற்ற மாணவருக்கு அநீதி என்று சொல்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. பொறியியல் பருவத் தேர்வின் வழக்கமான தாளில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், 'அல்லது' வைத்த ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், 'அல்லது' வைத்த ஒரு பதினைந்து மதிப்பெண் வினா. எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் 22 வினாக்களை வாசித்தாக வேண்டும். நிமிடத்துக்கு 20 சொல் எழுதும் ஒருவர் 180 நிமிடத்தில் 3,600 சொல் எழுத முடியும் என்று வைத்துக்கொள்வோம். 10 சொல் எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுத்து 240 நிமிடம் ஆக்கினாலும் 2,400 சொல்தான் தேறும். முழுக் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் அவர் பின்னால்தான் இருக்கிறார். வாசிப்பில் இழந்த நிமிடங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சொல்வதை எழுதுபவரைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். மாணவர் தாமே அழைத்துவருபவர் அவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உடையவராக இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல் விதித்தது. முறைகேட்டைத் தடுக்க அது தேவைதான். ஆனால் மூன்றாமாண்டுக் கணிதத் தாளுக்கு வரும் அந்த எழுத்தர் தொகையீட்டுக் குறியையோ கிரேக்க எழுத்தையோ இதற்கு முன் எழுதாதவராக இருக்கலாம். தேர்வன்று காலையில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். "ரோ போடு" என்றால் எழுத்தர் ஆங்கில ஆர் போடுகிறார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்க அனுமதிக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொன்னது. அந்த இரண்டு நாளில் குறியீடுகளை எழுதிப் பழக முடியும். தனி அறை தராமல் மற்ற மாணவர்களோடு உட்காரவைத்தால் வாய் திறந்து சொல்லவும் முடியாது. பலருக்கு எழுத்தரே வேண்டியதில்லை. வினாவை ஒரு முறை உரக்க வாசித்துக் காட்ட ஒருவரும், கூடுதல் நேரமும், வரைபடத் தாளும் போதும். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று எழுதினால் மேலே சொன்ன அணிக் கணக்குப் பிழைகளில் பெரும்பகுதி விழுவதில்லை. வேறு சிலருக்கு இணையம் துண்டிக்கப்பட்ட கணினியில் தட்டச்சு செய்ய விட்டால் அதுவே போதும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

அடுத்த பருவத் தேர்வு அறிவிக்கை வெளிவரும்போதே, 40 விழுக்காடு நிபந்தனையைக் கூடுதல் நேரத்துக்கும் சொல்வதை எழுதுபவருக்கும் உரிய விதிகளிலிருந்து நீக்கி எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கை அனுப்புங்கள். பள்ளிப் பொதுத்தேர்வில் இந்த வசதிகளைப் பெற்றவருக்கு, மறுமதிப்பீடு முடியும் வரை, குறைந்தது முதல் இரண்டு பருவங்களுக்கு அதே வசதிகளைத் தற்காலிகமாகத் தொடருங்கள். ஒருமுறை அனுமதித்தால் படிப்பு முடியும் வரை செல்லட்டும். ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். படிவங்களை ஒழுங்காக நிரப்பித் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று, படிவம் நிரப்புவதே சிரமமான மாணவரிடம் எதிர்பார்க்கிறீர்கள்.

விண்ணப்பத்தை மறுத்தால் ஏழு நாளுக்குள் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். மேல்முறையீடு செய்யப் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஓர் அலுவலரைக் குறிப்பிடுங்கள்.

கல்லூரி முதல்வர்கள் முதல் ஆண்டின் முதல் ஆறு வாரத்துக்குள் மேலே சொன்ன நாற்பது நிமிடச் சோதனையைத் தனித்தனியாக நடத்தட்டும். அதற்கென ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் நான்கு ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள், அந்த நேரத்தை அவர்களுடைய பணி நேரமாகக் கணக்கிடுங்கள். முடிவுகள் மாணவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். ஸ்லோ லேர்னர் என்ற சொல்லைக் கோப்பிலிருந்தும் அறிவிப்புப் பலகையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மாலை வகுப்பைக் கைவிட்டு, அந்த மணி நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவாருங்கள். அதில் ஒரு குழுவுக்கு இரு மொழிச் சொற்பட்டியலும் ஏவல் சொற்களும், ஒரு குழுவுக்குப் பதினோராம் வகுப்புக் கணிதம், ஒரு குழுவுக்குச் சிறப்பாசிரியருடன் வேலை என்று பிரியட்டும்.

வினாத்தாள் அமைப்பாளர்களுக்கான குறிப்பில் மூன்று வரிகளைச் சேருங்கள்: எளிய ஏவல் சொல் போதும்; 14 புள்ளி எழுத்தளவும் வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளியும்; தமிழில் எழுத அனுமதியுள்ள எல்லாத் தாள்களுக்கும் இரு மொழி வினா. திருத்துபவர்களுக்கு இரண்டு வரிகள்: மொழிப் பாடம் தவிர மற்றவற்றில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்; படி எடுப்பதில் நேர்ந்த எண் பிழைக்கு ஒரு முறை மட்டும் குறைத்து முறைக்கு மதிப்பெண் கொடுங்கள். பாடக் குறிப்புகள் வகுப்புக்கு ஒரு நாள் முன்பே, கைப்பேசியில் உரக்க வாசிக்கச் செய்யக்கூடிய கோப்பாக மாணவர்களுக்குப் போய்ச் சேரட்டும். எழுத்தைப் படமாக எடுத்துப் போட்டால் உரக்க வாசிக்கும் செயலி பெரும்பாலும் அதை வாசிக்காது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள்.

சான்றிதழ் தாமதத்தால் வசதி கிடைக்காமல் தேர்வு எழுதித் தோற்றவர்களுக்கு, அந்தத் தாள்களைக் கட்டணமின்றி உரிய வசதிகளோடு மீண்டும் எழுத ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியலில் அதைப் பற்றி எந்தக் குறிப்பும் வேண்டாம்.

எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டன என்ற மூன்று எண்களை ஒவ்வொரு பருவ முடிவிலும் உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குச் சட்ட அடிப்படை எது என்று, அடுத்த பருவத் தேர்வுக்கான விண்ணப்பத் தேதியை அறிவிப்பதற்கு முன்னால் எங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள், சிறப்பாசிரியர்கள், மாணவர் ஆலோசகர்கள்